எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் ஓவரா சூடாகுதா? முதல்ல எது சூடாகுதுன்னு பாருங்க

தீபாவளிக்கு ரெண்டு நாளைக்கு முன்ன, ராத்திரி பத்து மணி இருக்கும், பினாங்கு ஆயர் ஈத்தாம்லேர்ந்து எங்க பெரியம்மா போன். "தம்பி, இந்த குக்கரு வெடிச்சிரும் போல இருக்குய்யா, கீங் கீங்னு கத்துது, பர்ன் பர்ன்னு எழுத்து வருது, மூடியத் தொறந்து பாக்கவா?" அய்யய்யோ தொறக்காதீங்க பெரிம்மா, சுவிச்சை அடைச்சிட்டு தள்ளி நில்லுங்க நான் வரேன்னு சொல்லிட்டு பாயான் பாருலேர்ந்து காடிய எடுத்துக்கிட்டு ஓடினேன். போய்ப் பாத்தா குக்கருக்கு ஒண்ணுமே இல்ல. மட்டன் பெரட்டலுக்கு வதக்கின மசாலா அடியில அப்பிக் கருகிக் கெடந்துச்சு, அவ்வளவுதான். சொரண்டி எடுத்துட்டு ஒரு கப் சுடுதண்ணி ஊத்தி மறுபடி போட்டோம், கறி நல்லா வெந்துச்சு.

அதே மாசக் கடைசியில என் வீட்டு குக்கர். ஸ்கிரீன்ல எந்த எழுத்தும் வரல, சமையல் ஒழுங்கா முடிஞ்சிச்சு, ஆனா பிளக்கைப் புடுங்கப் போனா கை சுடுது. பிளக்கோட ஒரு கால் பழுப்பு நெறத்துல இருக்கு, சாக்கெட்லேர்ந்து பிளாஸ்டிக் உருகின வாடை. கத்தி ஊரைக் கூட்டின குக்கர் சும்மா கெடந்துச்சு, வாயே தொறக்காத குக்கர்தான் வீட்டைக் கொளுத்தப் பாத்துச்சு.

அதனாலதான் சொல்றேன், "குக்கர் ஓவர் சூடு"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கற முதல் கேள்வி, எது சூடாகுது? உள்ள இருக்கற சாப்பாடா, வெளி பாடியா, பிளக்கா, இல்ல நிறுத்தின பிறகும் சூடாகிட்டே இருக்கா? நாலும் நாலு வேற விஷயம், ஒண்ணுக்கு சொன்ன வைத்தியம் இன்னொண்ணுக்கு ஆகாது. நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில மெயிண்டெனன்ஸ் வேலை பாக்கறவன், சமையல்காரன் இல்ல, ஆனா சொந்தக்காரங்க வீட்டு குக்கர் ஒரு பத்தாவது பிரிச்சிருப்பேன்.

உடனே செய்யறது

கேன்சல் பட்டனை அழுத்துங்க. சுவத்துல சுவிச்சை அடைங்க. அப்புறம் பிளக்கைப் புடுங்குங்க, பிளக்கே சூடா இருந்தா கை வைக்காதீங்க, சுவிச்சை அடைச்சிட்டு ஆற விடுங்க, சுவிச்சு பக்கமே கருகி இருந்தா மெயின் பாக்ஸ்ல அந்த லைனை அடைச்சிருங்க. மூடிய தொறக்க வேணாம், சின்ன பின் மாதிரி மேல தூக்கிட்டு நிக்குதே மிதவை வால்வு, அது தானா கீழ எறங்கற வரைக்கும் மூடிக்கு வேலையே இல்ல. பாக்க வேண்டியது அந்தப் பின்னு ஒண்ணுதான், கடிகாரம் இல்ல. சில பேரு ஈரத்துணிய மூடி மேல போடறது, தூக்கிட்டுப் போயி சிங்க்ல பைப்ப தொறந்து விடறதுன்னு செய்வாங்க, அது அந்தக் காலத்து அடுப்பு குக்கருக்கு செய்யற வேலை, கரண்டு குக்கருக்கு செஞ்சா உள்ள இருக்கற சர்க்யூட் பலகைக்குள்ள தண்ணி போயிரும்.

புகை வருது, வயர் கருகற வாடை வருதுன்னா இதோட நிறுத்திக்குங்க, இனி அந்த குக்கரை மாட்டவே வேணாம். சாப்பாடு கருகற வாடைக்கும் வயர் கருகற வாடைக்கும் வித்தியாசம் மூக்குக்கே தெரியும், வயர் வாடை தொண்டையப் புடிக்கும்.

பர்ன், சி5 மாதிரி சூடு எச்சரிக்கை எழுத்து வந்தா

பத்துல எட்டு பேருக்கு இதுதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

உள்பாத்திரத்தை தூக்கிப் பாருங்க, கீழ சூடாக்கற அலுமினியத் தட்டு, அதுக்கு நடுவுல ஒரு சின்ன வட்ட பட்டன் ஸ்பிரிங்கோட இருக்கும். அதுதான் சென்சார். பாத்திரத்தோட அடியத் தொட்டுக்கிட்டு எவ்வளவு சூடுன்னு மிஷினுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும். பிரஷர்ல சமைக்கறப்ப உள்ள தண்ணி 115லேர்ந்து 118 டிகிரி வாக்குல நிக்கும், தண்ணி இருக்கற வரைக்கும் பாத்திரத்து அடியும் அதை விட ரொம்பத் தாண்டாது. அடியில தண்ணி இல்லன்னா, இல்ல தண்ணிக்கும் இரும்புக்கும் நடுவுல கெட்டியா ஒரு மசாலா படலம் ஒக்காந்திருச்சுன்னா, சூடு மேல போக வழி இல்லாம அடி மட்டும் சரசரன்னு ஏறும், 140 டிகிரி வாக்குல வந்தா பெரும்பாலான மிஷின் கரண்டை நிறுத்திட்டு கத்த ஆரம்பிக்கும். அதாவது பர்ன்னு வந்தா மிஷின் கெட்டுப் போச்சுன்னு இல்ல, மிஷின் அதோட வேலைய பாக்குதுன்னு அர்த்தம். இதை பெரியம்மாவுக்கு நாலு தடவை சொல்லிட்டேன், இன்னும் அவங்க "கெட்டுப் போன குக்கரு"ன்னுதான் சொல்றாங்க.

நம்ம சமையல்ல இது அதிகமா வர்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம எல்லாத்தையும் வதக்கித்தான ஆரம்பிப்போம், வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலாத் தூள், எல்லாம் சோத்தே மோடுல, அதான் மூடி இல்லாம வதக்கற மோடு, அதுல போட்டு கிண்டு கிண்டுன்னு கிண்டி அடியில பழுப்பா ஒரு கோட்டிங் வந்துரும். அதை அப்படியே விட்டுட்டு கறிய கொட்டி மூடியப் போட்டா முடிஞ்சிச்சு கதை. செய்ய வேண்டியது இதுதான்: வதக்கி முடிஞ்ச உடனே அரை கப் தண்ணி ஊத்தி மரக் கரண்டியால அடி முழுக்க வழிச்சு விடுங்க, கரண்டி வழுக்கிட்டுப் போகணும், எங்கயும் சொரசொரன்னு மாட்டக் கூடாது. அப்புறம் கேன்சல் அழுத்தி ஒரு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு பிரஷர் மோடு போடுங்க, ஏன்னா சோத்தேல தட்டு ரொம்ப சூடாகி இருக்கும், அந்த சூட்டோடவே பிரஷர் போட்டா ஆரம்பத்துலயே பர்ன் காட்டிரும்.

தண்ணி எவ்வளவு? 6 லிட்டர் குக்கருக்கு ஒன்றரை கப், அதாவது 375 மில்லி, 8 லிட்டருக்கு 2 கப், அதுக்குக் கொறைய வேணாம். சில மாடல்ல கொஞ்சம் மாறும், கூட வந்த புஸ்தகத்தைப் பாத்துக்குங்க. கெட்டியான கொழம்பை தண்ணியா கணக்குல சேக்காதீங்க, அரைச்ச தக்காளி, தேங்காய்ப்பால், தயிர் இது எதுவும் தண்ணி இல்ல. தக்காளிய கறி மேல பரப்பி விட்டுட்டு கிண்டாம மூடுங்க, தேங்காய்ப்பால் மூடியத் தொறந்த பிறகு ஊத்துங்க, கெட்டிப்படுத்தற மாவு எதுவா இருந்தாலும் அதுவும் கடைசியில.

பினாங்குக்காரங்களுக்கு தனியா ஒண்ணு, தால்ச்சா. பருப்பு, எலும்பு, கத்திரிக்காய், உருளை எல்லாம் ஒண்ணா போட்டு நாசி கண்டார் கடை மாதிரி கெட்டியா வரணும்னு ஆசைப்பட்டு தண்ணியக் கொறைச்சு வச்சா, பருப்பு வெந்து கரைஞ்சு அடியில கூழா போயி ஒக்காந்துரும், மிஷின் கத்தும். நானே மூணு தடவை கருக்கியிருக்கேன். இப்ப எப்படி செய்யறேன்னா, எலும்பை முதல்ல அடியில தண்ணியோட போட்டு, பருப்பை மேல தூவி விட்டு கிண்டாம வேக விட்டுருவேன், வெந்த பிறகு மூடிய தொறந்து சோத்தே மோடுல வச்சு தண்ணிய சுண்ட வச்சுக்கலாம், அப்பதான் காயும் புளியும் போடறது. பருப்பு, கஞ்சி, பயறு மாதிரி நுரைக்கற சாமான் எதுவா இருந்தாலும் பாத்திரத்துல பாதிக்கு மேல வேணாம், மத்தது மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் போகலாம். நுரை மேல வந்து ஆவி ஓட்டைய அடைச்சா அது பர்ன்ன விட மோசம்.

பர்ன் வந்த பிறகு என்ன? கேன்சல், ஆவி எறங்கட்டும், தொறங்க, அடிய வழிச்சுப் பாருங்க. லேசா புடிச்சிருந்தா தண்ணி ஊத்தி தொடரலாம். கருகி கறுப்பா இருந்தா சாப்பாட்டை வேற பாத்திரத்துக்கு மாத்திட்டு உள்பாத்திரத்தை தேச்சு கழுவிட்டுத்தான் திரும்பப் போடணும், கருகலை வச்சுக்கிட்டு தண்ணிய மட்டும் ஊத்தினா திரும்பத் திரும்பக் காட்டும், நீங்களும் மிஷினைத் திட்டுவீங்க.

தண்ணி சரியா ஊத்தியும் பர்ன் வந்தா

அப்ப தண்ணி எங்கயோ தப்பிச்சுப் போகுது. ஆவி வால்வை மூடற பக்கம் திருப்ப மறந்துட்டீங்களான்னு பாருங்க, சிரிக்காதீங்க, இதுக்காக நான் பட்டர்வொர்த் வரைக்கும் பாலம் தாண்டிப் போயிருக்கேன். அடுத்து மூடிக்குள்ள இருக்கற ரப்பர் வளையம். கையால சுத்தி விட்டா சுத்தணும், எங்கயும் தூக்கிட்டு நிக்கக் கூடாது, வெடிப்பு, பிசுபிசுப்பு, இழுவை இருந்தா மாத்திருங்க. அடிக்கடி சமைக்கற வீட்டுல ஒண்ணு ஒன்றரை வருஷம் தாங்கும். எனக்கு ஆன்லைன்ல 18 வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு, மாடல் நம்பர் பாத்து வாங்கணும், 6 லிட்டர்னு மட்டும் போட்டிருக்கறதை நம்பி வாங்கினா அரை சென்டி வித்தியாசத்துல ஒக்காராது, அதுல நான் ஏமாந்து ஒரு வளையம் இப்ப எங்க வீட்டுப் பையனுக்கு விளையாட்டு சாமான்.

மிதவை வால்வையும் கழட்டிக் கழுவுங்க, கீழ ஒரு குட்டி ரப்பர் மூடி இருக்கும் அதைத் தொலைச்சிராதீங்க. அதுல மசாலா காஞ்சு ஒட்டியிருந்தா பின் மேல எழும்பாது, எழும்பலன்னா மூடி சீல் ஆகாது, ஆவி போயிக்கிட்டே இருக்கும், தண்ணி வத்தி கடைசியில பர்ன்.

இதையெல்லாம் செஞ்சிட்டு ஒரு தண்ணி டெஸ்ட் போடுங்க. 3 கப் பச்சத்தண்ணி, சாப்பாடு எதுவும் வேணாம், ஹை பிரஷர்ல 5 நிமிஷம். ஆறுலேர்ந்து பத்து நிமிஷத்துக்குள்ள பின் மேல வந்துரணும், வந்த பிறகு மூடி ஓரத்துல எங்கயும் ஆவி கசியக் கூடாது. முடிஞ்சதும் ஆவிய நீங்களா விடாம தானா எறங்க விட்டு தண்ணிய அளந்து பாருங்க, கால் கப்புக்கு மேல கொறஞ்சிருந்தா லீக் இருக்கு, மறுபடி ரப்பர்லேர்ந்து ஆரம்பிங்க. டெஸ்ட் சுத்தமா பாஸ் ஆச்சுன்னா மிஷின் நல்லா இருக்கு, சமைக்கற விதத்துலதான் விஷயம்.

வெறும் தண்ணிக்கே பர்ன் வருதுன்னா உள்பாத்திரத்துக்குக் கீழ பாக்கணும். ஒரு சோறு பருக்கை போதும், தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவுல மாட்டினா பாத்திரம் சாஞ்சு நிக்கும், தட்டோட சூடு பாத்திரத்துக்குப் போகாம தட்டே வெந்துக்கிட்டு இருக்கும். ஆற விட்டு, பிளக் இல்லாம, நல்லா பிழிஞ்ச துணியால தொடைங்க, நடு பட்டனை விரலால அமுக்கிப் பாருங்க, உள்ள போயி படக்குன்னு வெளிய வரணும். வரலன்னா சுத்தி வழிஞ்சு காஞ்ச கொழம்பு புடிச்சிருக்கு, கொஞ்சம் வினிகர் தொட்ட பஞ்சால சுத்தம் பண்ணுங்க. உள்பாத்திரத்தோட அடியையும் ஒரு ஸ்கேல் வச்சுப் பாருங்க, கீழ போட்டு ஒடுங்கினது, வளைஞ்சதுன்னா சரியா ஒக்காராது. வேற பிராண்டு பாத்திரம் "சைஸ் சரியாத்தான் இருக்கு"ன்னு போடறதும் இதே கதிதான். பாத்திரத்தைக் கழுவிட்டு அடி ஈரத்தோட வைக்காதீங்க, அதுவும் ஒரு கெட்ட பழக்கம்.

வெளி பாடி சூடு

இதுல பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்டீல் பாடியும் மூடியும் சூடாகத்தான் செய்யும், மூடி கண்டிப்பா சுடும். அடியில காத்துப் போற ஓட்டை இருக்கும், அதை அடைச்ச மாதிரி துண்டு, நியூஸ் பேப்பர், ரப்பர் பாய் போட்டு அதுமேல வைக்காதீங்க. கேஸ் அடுப்புக்குப் பக்கத்துலயும் வேணாம். ராத்திரி முழுக்க கீப் வார்ம்ல விட்டுட்டு தூங்கறவங்க அடி காஞ்சு போறதுக்கு மிஷினைக் குத்தம் சொல்லக் கூடாது.

பிளக், வயர், எக்ஸ்டென்ஷன்

இங்கதான் நெஜமான ஆபத்து, ஆனா யாரும் பாக்கறதில்ல. 1000 வாட்ஸ் குக்கர் நம்ம ஊர் 230 வோல்ட்ல நாலேகால், நாலரை ஆம்பியர் இழுக்கும். நம்ம மூணு கால் பிளக்குக்கு 13 ஆம்பியர் வரைக்கும் தாங்கற கணக்கு, அப்படிப் பாத்தா பிளக் சூடே ஆகக் கூடாது, லேசா வெதுவெதுப்பு வேணா இருக்கலாம். கை சுடுதுன்னா எங்கயோ தொடர்பு லூசு. லூசான எடத்துல கரண்டு போக கஷ்டப்படும், அந்தக் கஷ்டம்தான் சூடா வருது, சூட்டுல உலோகம் கறுக்கும், கறுத்தா இன்னும் கஷ்டம், இன்னும் சூடு, இப்படியே போயி ஒரு நாள் உருகும்.

பழைய பிளாட் வீடுகள்ல சாக்கெட் உள்ள புடிக்கற தகடு தளர்ந்து போயிருக்கும், பிளக் சொருகினா தொள தொளன்னு ஆடும். அதே பிளக்கை வீட்டுல வேற சாக்கெட்ல போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க, அங்க சூடாகலன்னா சாக்கெட் கோளாறு, வயர்மேனைக் கூப்பிட்டு மாத்துங்க, அது நீங்க கை வைக்கற எடம் இல்ல. எந்த சாக்கெட்ல போட்டாலும் சூடாச்சுன்னா பிளக்குலதான். கழட்டறதுக்கு ஸ்குரூ இருக்கற பிளக்கா இருந்தா தொறந்து மூணு வயரும் இறுக்கமா இருக்கான்னு பாருங்க, பியூஸ் புடிக்கற கிளிப் கறுத்திருந்தா பிளக்கையே தூக்கிப் போட்டுட்டு சிரிம் (மலேசியத் தர முத்திரை) ஸ்டிக்கர் உள்ள புது பிளக் வாங்குங்க, சில வெள்ளிதான். கருகின சாக்கெட்ல புது பிளக்கைச் சொருகினா அதையும் அது கெடுத்துரும், ரெண்டையும் சேத்து மாத்தணும். எங்க வீட்டுல சாக்கெட்ட மாத்தாம பிளக்கை மட்டும் மாத்தி, ரெண்டே வாரத்துல அந்தப் புது பிளக்கும் பழுப்பாகி, பொண்டாட்டிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

குக்கருக்கும் வயருக்கும் சேர்ற எடம், கழட்டி மாட்டற மாதிரி இருக்குமே, அதையும் தொட்டுப் பாருங்க. பாதி சொருகி விட்டாலும் இதே சூடுதான்.

எக்ஸ்டென்ஷன் பத்தி ஒரு வார்த்தை. தண்ணீர்மலை பக்கம் தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல்ல பாத்திருப்பீங்க, ஒரே எக்ஸ்டென்ஷன்ல குக்கர், கெட்டில், ரைஸ் குக்கர், பேன் எல்லாம் தொங்கும். கெட்டில் மட்டுமே 2000 வாட்ஸ்க்கு மேல இழுக்கும், ஒரு 13 ஆம்பியர் பிளக்குக்கு மொத்தமே 3000 வாட்ஸ் கிட்டத்தான். குக்கரை நேரா சுவத்து சாக்கெட்ல போடுங்க. வேற வழியே இல்லன்னா சுருட்டி வச்ச வயரை முழுசா பிரிச்சு விட்டுட்டு குக்கரை மட்டும் போடுங்க, சுருட்டின வயரு அதோட சூட்டுலயே அவியும்.

குக்கரைப் போட்டதும் வீடே டிரிப் ஆயிருச்சுன்னா அது சூடு விஷயம் இல்ல, எங்கயோ கரண்டு கசியுது, அடியில தண்ணி போயிருக்கும். ரெண்டு மூணு நாள் நல்லா காய விட்டுப் பாருங்க. திரும்பவும் டிரிப் ஆனா கடைக்குக் கொண்டு போங்க.

அமெரிக்காவுலேர்ந்து வந்த குக்கர்

மாமா மகன் ஆசையா கொண்டு வந்து கொடுத்தது, பெட்டியெல்லாம் அழகா இருக்கும். அடியில இருக்கற ஸ்டிக்கரைப் படிக்காம அடாப்டர் மாட்டிப் போட்றாதீங்க. 120 வோல்ட்னு இருந்தா நம்ம 230ல வோல்ட் ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி, ஆனா சூடு ரெண்டு மடங்கு இல்ல, மூணரை மடங்குக்கும் மேல, 1000 வாட்ஸ் தட்டு 3600 வாட்ஸ் இழுக்கும். அடாப்டர் பிளக்கோட உருவத்தைத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. டிரான்ஸ்பார்மர் வாங்கி ஓட்டலாம், ஆனா 2000 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர் ஒரு கருங்கல்லு மாதிரி கனக்கும், அந்தக் காசுக்கு இங்கயே ஒரு குக்கர் வாங்கிக்குங்க.

கேன்சல் அழுத்தியும் சூடாகிட்டே இருந்தா

சாதாரணமா குக்கர் ஓடறப்ப உள்ள டிக் டிக்னு சத்தம் கேக்கும், அது ரிலே, தட்டுக்கு கரண்டைப் போட்டுப் போட்டு நிறுத்தற சுவிச்சு. அதோட முனை ரெண்டும் உருகி ஒட்டிக்கிட்டா பலகை நிறுத்து நிறுத்துன்னு சொன்னாலும் கரண்டு போயிக்கிட்டே இருக்கும். எப்படிக் கண்டு புடிக்கறது? குக்கர் ஆறி இருக்கறப்ப உள்ள ரெண்டு கப் தண்ணிய ஊத்தி, மூடி இல்லாம, பிளக்கை மட்டும் போட்டு எந்த பட்டனையும் தொடாம பக்கத்துலயே அஞ்சு நிமிஷம் நில்லுங்க. தண்ணி சூடாச்சுன்னா ரிலே ஒட்டிக்கிச்சு. அன்னிக்கே அந்த குக்கரோட பிளக் வயரை எடுத்து ஒளிச்சு வச்சிருங்க, வீட்டுல வேற யாராவது தெரியாம போட்டுரப் போறாங்க.

இந்த மாதிரி நேரத்துல காப்பாத்தறதுக்குத்தான் உள்ள ஒரு தெர்மல் பியூஸ் இருக்கு, 170 டிகிரி வாக்குல ஒரே ஒரு தடவை அறுந்து மொத்த மிஷினையும் செத்தது மாதிரி ஆக்கிரும். ஒரு ரிப்பேர் கடையில அதை எடுத்துட்டு வெறும் வயரை முறுக்கி விட்டுக் கொடுத்ததை நானே பிரிச்சுப் பாத்தேன், "இப்ப ஓடுது அங்கிள்"னு சொல்லி காசும் வாங்கியிருக்கான். அது ஓடும்தான். அடுத்த தடவை சூடு ஏறினா நிறுத்தறதுக்கு ஆள் கெடையாது.

அடிய கழட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்

மல்டிமீட்டர் புடிக்கத் தெரியாதவங்க இதைத் தாண்டிப் போயிருங்க. பிளக்கைக் கழட்டி அரை மணி நேரம் விடுங்க, கழட்டறதுக்கு முன்ன வயர் இருக்கற எடமெல்லாம் போட்டோ எடுத்துக்குங்க. சூடாக்கற தட்டோட ரெண்டு முனையில ஓம் பாத்தா 1000 வாட்ஸ்க்கு 53 ஓம் கிட்ட வரணும், முனைக்கும் தட்டோட உலோகத்துக்கும் நடுவுல தொடர்பே காட்டக் கூடாது. சென்சார் வயரைப் பலகையிலேர்ந்து உருவி மீட்டர்ல மாட்டி பட்டனை கைச் சூட்டுல அமுக்கிப் புடிங்க, ஓம் மெதுவா எறங்கணும், அசையாம நின்னாலோ குதிச்சுக்கிட்டு இருந்தாலோ சென்சாரை மாத்தணும். தெர்மல் பியூஸ் மாத்தறதா இருந்தா மேல அச்சடிச்சிருக்கற அதே டிகிரி, அதே ஆம்பியர் வாங்குங்க, சால்டரிங் பண்ணாதீங்க, அந்தச் சூட்டுலயே புது பியூஸ் அறுந்துரும், கிரிம்ப் போட்டு இறுக்கறதுதான் முறை. அது ஏன் அறுந்துச்சுன்னு காரணம் கண்டு புடிக்காம மாத்தினா வேஸ்ட்.

நம்ம ஊர் ஈரக் காத்துக்கு இன்னொண்ணும் பாக்கணும், பலகை மேல குட்டி எறும்புக் கூட்டம், இல்ல செத்துப் போன பல்லி. சிரிக்கத் தோணும், ஆனா நான் பிரிச்சதுல ரெண்டு குக்கருக்கு அதான் கோளாறு, பிரஷ்ஷால தட்டி விட்டு சுத்தம் பண்ணினதும் ஒழுங்கா ஓடிச்சு. வேலை முடிஞ்சதும் முதல்ல தண்ணி டெஸ்ட்தான் போடணும், நேரா கறிய வைக்காதீங்க.

கோலாலம்பூர் பக்கம் இருந்தா பியூஸ், சென்சார் மாதிரி சாமானுக்கு ஜாலான் பாசார் போனா போதும், தெரு முழுக்க எலக்ட்ரானிக் கடை. பினாங்குல பழைய குக்கர்லேர்ந்து பார்ட்ஸ் கழட்டிக்கலாம்னு லோரோங் கூலிட் சந்தையில தேடறவங்க இருக்காங்க, உள்பாத்திரம், தாங்கித் தட்டு மாதிரி சாமான்னா சரி, ரப்பரும் கரண்டு சாமானும் அங்க வேணாம். எங்க தேடினாலும் குக்கரைக் கவுத்து அடி ஸ்டிக்கரை போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க, மாடல் நம்பர் இல்லாம போனா கடைக்காரர் மூணு ரப்பரைக் கையில கொடுத்து நீயே பாத்துக்கன்னு சொல்லிருவாரு.